காத்திருப்போர் பட்டியலில் இடம்பெறாதோர்: தென் தமிழகத்தில் கண்புரை அறுவையின் செலவும் கொள்திறனும் – கண்டனூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பொது மருத்துவச் சேவையின் போதாமையைக் காத்திருப்போர் பட்டியலின் நீளத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். பட்டியல் எழுதப்படாத இடங்களில் காத்திருப்பு எவ்வாறு நிகழ்ந்தது, அதை யார் சுமந்தனர், எவற்றால் அது குறைந்தது என்னும் வினாக்கள் தமிழ்ச் சூழலில் போதிய கவனம் பெறவில்லை. சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த கண்டனூரை நோக்குநிலையாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்புரை அறுவைச் சேவை விரிவடைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அறுவை நுட்பம், மருத்துவமனைக் கொள்திறன், நோயாளியின் மறைமுகச் செலவு ஆகிய மூன்றும் சேர்ந்தே காத்திருப்பை உருவாக்கின என்பதையும், இலவச அறுவை மட்டும் அதை நீக்கிவிடவில்லை என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கண்புரை, காத்திருப்போர் பட்டியல், கண் சிகிச்சை முகாம், கண்டனூர், மதுரை, பொதுச் சுகாதாரம், மருத்துவச் செலவு.

1. முன்னுரை

பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை 1948இல் தொடங்கப்பட்டபோதே மருத்துவமனைச் சிகிச்சைக்குக் காத்திருந்தோர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. 2023இல் இங்கிலாந்தில் மட்டும் அவ்வெண்ணிக்கை 77 இலட்சத்தைத் தொட்டது. இவ்வெண்கள் அந்நாட்டு நாடாளுமன்ற விவாதத்துக்கும் தேர்தல் பரப்புரைக்கும் பொருளாயின. ஒரு குடிமகனின் காத்திருப்பு அங்கு அரசின் ஏட்டில் பதிவாகிறது. பதிவானது கேள்விக்கு உள்ளாகிறது.

தமிழகத்தின் சிற்றூர் ஒன்றில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் புரை விழுந்த கண்ணோடு ஐந்தாண்டு வாழ்ந்தால் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. அவர் மருத்துவமனையின் வாசலுக்கு வந்து, வெளிநோயாளிச் சீட்டு எழுதி, அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட பின்னரே கணக்கில் வருகிறார். அதற்கு முந்தைய காலம் முழுவதும் வீட்டுத் திண்ணையில் கழிகிறது. ஆகவே பட்டியல் குறுகியதாக இருப்பது சேவை நிறைவாக இருப்பதன் அடையாளம் என்று கொள்ள இயலாது. வாசலை அடைந்தோர் குறைவு என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு, எழுதப்பட்ட வரிசை, எழுதப்படாத வரிசை என்னும் இருவகைப் பகுப்பை இக்கட்டுரை கையாள்கிறது. கண்புரை இதற்குப் பொருத்தமான நோய். அது உயிரை உடனடியாகப் பறிப்பதில்லை. ஒரே அறுவையால் பெரும்பாலும் தீர்க்கத்தக்கது. முதுமையோடு வருவதால் குடும்பத்தின் முன்னுரிமையில் எளிதில் பின்தள்ளப்படுவது. காத்திருப்பின் சமூக இயல்பை அறிய இத்தகைய நோயே ஏற்ற களமாகும்.

2. கண்டனூரும் மருத்துவமனைத் தொலைவும்

கண்டனூர் நகரத்தார் ஊர்களுள் ஒன்று, முன்பு பேரூராட்சியாக இருந்தது. காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவிலும், அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற புதுவயலுக்கு அருகிலும் அமைந்துள்ளது. இரண்டு ஊர்களின் பெயரையும் இணைத்துக் கண்டனூர் புதுவயல் என்றே தொடர்வண்டி நிலையம் வழங்குகிறது. பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வட்டித்தொழில் செய்து ஈட்டிய செல்வம் இவ்வட்டாரத்தில் பெருவீடுகளாகவும் கோயில் திருப்பணிகளாகவும் கல்விக்கூடங்களாகவும் உருப்பெற்றது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அந்தச் செல்வ வரத்து பேரளவில் முறிந்தது.

ஆட்சி எல்லைகளின் வரலாறு மருத்துவமனையின் தொலைவையும் தீர்மானித்தது. 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இவ்வட்டாரம் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. வழக்கு, நிலம், மருத்துவம் எதுவாயினும் பெரிய காரியத்துக்கு மதுரை செல்வதே வழக்கமாயிற்று. 1985இல் சிவகங்கையைத் தலைமையிடமாகக் கொண்டு தனி மாவட்டம் அமைந்தது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2012இல்தான் தொடங்கியது. அதுவரை உயர்நிலைச் சிகிச்சை வேண்டுவோர்க்கு மதுரை அரசு மருத்துவமனையே புகலிடம். எர்ஸ்கின் மருத்துவமனை என்றும் பின்னர் இராசாசி மருத்துவமனை என்றும் வழங்கிய அம்மருத்துவமனை கண்டனூரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் உள்ளது.

ஊரகத்துக்கு மருத்துவரைக் கொண்டுசெல்லும் முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1924 அளவில், சென்னை மாகாண அரசு மானியம் பெறும் கிராம மருத்துவர் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவர் ஒருவர் சிற்றூரில் தங்கித் தொழில் செய்தால், ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்ப்பதற்கு ஈடாக அவருக்கு ஆண்டு மானியம் தரப்பட்டது. விடுதலைக்குப் பின், 1952 முதல், சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு இணைந்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. காய்ச்சல், பேறுகாலம், அம்மை தடுப்பு ஆகியவற்றை இவ்வமைப்புகள் ஊருக்கு அருகே கொண்டுவந்தன. அறுவை நிபுணரும் அறுவை அரங்கும் தேவைப்படும் கண்புரையை அவற்றால் எதிர்கொள்ள முடியவில்லை.

இத்தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்கலாகாது. பார்வை மங்கியவர் தனியே பயணம் செய்ய இயலாது; துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வயலிலோ ஆலையிலோ கூலி பெறுபவராயின் அவரது கூலியும் இழப்பாகும். பேருந்துக் கட்டணம், வெளியூரில் சாப்பாடு, தங்குமிடம், அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்கு மீண்டும் ஒரு பயணம் என்று செலவு தொடரும். மருத்துவமனை பணம் எதுவும் பெறாவிட்டாலும் நோயாளிக்கு அச்சிகிச்சை இலவசமன்று.

3. புரை முற்றும்வரை: நுட்பம் விதித்த காத்திருப்பு

கண்புரைக்குக் கைச்சிகிச்சை செய்யும் மரபு இந்நாட்டில் மிகப் பழமையானது. ஊசி கொண்டு புரையைக் கண்மணியின் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளும் முறையைச் சுசுருதர் பெயரில் வழங்கும் நூல் விவரிக்கிறது. ஊர் ஊராகச் செல்லும் நாட்டு வைத்தியர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இம்முறையைக் கையாண்டனர். 1819இல் நிறுவப்பெற்ற சென்னைக் கண் மருத்துவமனையில் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய இராபர்ட் ஹென்றி எலியட், அவ்வாறு புரை தள்ளப்பட்டுப் பின்னர் மருத்துவமனைக்கு வந்தோரின் நிலையை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அழற்சியாலும் கண்ணழுத்த மிகுதியாலும் பலர் பார்வையை அறவே இழந்ததை அவர் பதிவுசெய்தார்.

மருத்துவ நோக்கில் எலியட்டின் கண்டனம் சரியானதே. எனினும் சேவை வரலாற்று நோக்கில் வேறொரு செய்தியும் இதில் உண்டு. நாட்டு வைத்தியர் நோயாளியின் வாசலுக்கு வந்தார், காத்திருக்கச் சொல்லவில்லை, துணையாளும் பயணமும் தேவைப்படவில்லை. மேலை மருத்துவமனை பாதுகாப்பான அறுவையை வழங்கியது, வாசலுக்கு வரவில்லை. இவ்விடைவெளி நிரம்பாதவரை ஊசி வைத்தியம் முற்றிலும் மறையவில்லை.

மருத்துவமனை அறுவையும் ஒரு காத்திருப்பை விதித்தது. 1980கள் வரை பரவலாக நடந்த முறையில், புரை படர்ந்த வில்லை அதன் உறையோடு முழுமையாக அகற்றப்பட்டது. அதன்பின் நோயாளி தடித்த கண்ணாடி அணிந்தே பார்க்க இயலும். மக்கள் வழக்கில் அது சோடாபுட்டிக் கண்ணாடி. அக்கண்ணாடியில் பொருள்கள் பெரிதாகத் தெரியும். பக்கப் பார்வை குன்றும். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் காட்சியும் ஒன்றாது. கண்ணாடி உடைந்தால் அறுவைக்கு முந்தைய நிலைக்கே திரும்பியது போலாகும். ஆகவே ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும்போது அறுவை செய்வதால் பயன் குறைவு என்று மருத்துவர்கள் கருதினர். ‘புரை இன்னும் முற்றவில்லை, முற்றியபின் வாருங்கள்’ என்னும் அறிவுரை இக்காரணத்தால் எழுந்தது.

இவ்வறிவுரையின் சமூக விளைவு பெரிது. நூறு கிலோமீட்டர் சென்று, ஒருநாள் கூலியை இழந்து, முற்றவில்லை என்று திரும்பியவர் மீண்டும் செல்லத் தயங்கினார். முற்றும்வரை என்பது ஈராண்டாகவும் இருக்கலாம், நான்காண்டாகவும் இருக்கலாம். நூல் கோத்தல், அரிசியில் கல் பொறுக்குதல், இரவில் கொல்லைப்புறம் செல்லுதல் என ஒவ்வொரு வேலையாக அவரிடமிருந்து நழுவும் காலம் அது. அவரைப் பற்றிய குறிப்பு மருத்துவமனையில் இல்லை. அறுவைக்கு உரியவர் என்று அறியப்பட்டும் எந்தப் பட்டியலிலும் சேராதவராக அவர் ஊரில் இருந்தார்.

1949இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் பொருத்தினார். இம்முறை தமிழகத்தின் ஏழை நோயாளியை அடைய நாற்பதாண்டுக்கு மேலாயிற்று. அடைந்தபின், புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டிய மருத்துவக் காரணம் மறைந்தது. அறுவைக்கு உரியோர் யார் என்னும் வரையறையே மாறியது. அதனால் வரிசை ஒரே சமயத்தில் நீண்டது என்பதும் கவனத்துக்குரியது: முன்பு ‘பிறகு வாருங்கள்’ எனப்பட்டோர் இப்போது உடனே உரியவராயினர்.

4. எண்ணப்படாதோரை எண்ணுதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1971–74இல் நடத்திய ஆய்வு, மக்கள்தொகையில் 1.38 விழுக்காட்டினர் பார்வையற்றோர் என்றும் அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கண்புரையால் பார்வை இழந்தவர் என்றும் காட்டியது. 1976இல் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட இது அடிப்படையாயிற்று. 1986–89இல் நடந்த அடுத்த ஆய்வு 1.49 விழுக்காடு என்றது. கண்புரையின் பங்கு 80 விழுக்காடு. பத்தாண்டுத் திட்டத்துக்குப் பின்னும் பார்வையிழப்பு குறையாமல் சற்று உயர்ந்திருந்தது.

இதன் காரணத்தை 1990இல் மினாசியன், மேரா ஆகியோர் வெளியிட்ட மதிப்பீடு தெளிவாக்கியது. இந்தியாவில் ஆண்டுதோறும் 38 இலட்சம் பேர் கண்புரையால் புதிதாகப் பார்வை இழக்கின்றனர் என்பது அவர்தம் கணிப்பு. 1980களின் நடுப்பகுதியில் நாடு முழுவதும் ஆண்டுக்கு நடந்த அறுவைகள் 12 இலட்சம் அளவினவே. வருவோர் மும்மடங்கு, தீர்வு பெறுவோர் ஒருமடங்கு என்றால் வரிசை ஆண்டுதோறும் நீளவேண்டும். எல்லையின்றி அது நீளாமைக்கு ஒரே காரணம், வரிசையில் இருந்தோர் முதியவர் என்பதுதான். அறுவைக்கு முன்பே பலர் இறந்தனர். எழுதப்படாத வரிசையைச் சுருக்கிய முதன்மைக் காரணி மருத்துவமாக இல்லை, இறப்பாக இருந்தது.

எண்ணிக்கை என்பது இங்கு வெறும் புள்ளிவிவரமன்று. மருத்துவமனைக்கு வராதவரையும் தேவையுடையவராக அது ஏற்கிறது. அதுவரை மருத்துவமனையின் செயல்திறன், வந்தோருள் எத்தனை பேர்க்கு அறுவை நடந்தது என்று அளக்கப்பட்டது. இவ்வாய்வுகளுக்குப் பின், மக்கள்தொகையில் தேவையுடையோருள் எத்தனை பேர்க்கு நடந்தது என்று கேட்க முடிந்தது.

5. கொள்திறன்: அரசு மருத்துவமனையும் அரவிந்தும்

மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. அதன் கண் மருத்துவத் துறைத் தலைவராக 1956இல் கோ. வெங்கடசாமி பொறுப்பேற்றார். எட்டயபுரம் பகுதியின் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த அவர், முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையில் அறுவைக் கலையைப் பயின்று ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்தவர். அரசுப் பணியில் இருந்தபோதே 1960களில் ஊரகக் கண் சிகிச்சை முகாம்களை அவர் தொடங்கினார். இச்செய்தி பெரிதும் மறக்கப்படுகிறது. பின்னாளில் ஒரு தனியார் அறநிறுவனத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் முகாம் முறை, அரசு மருத்துவக் கல்லூரியின் துறையொன்றிலேயே உருப்பெறத் தொடங்கியது.

அம்முகாம்கள் பள்ளிக்கூடம், திருமண மண்டபம், சத்திரம் ஆகியவற்றில் நடைபெற்றன. மேசை, விளக்கு, கொதிநீர்க் கலன் ஆகியவற்றோடு மருத்துவக் குழு வந்து அங்கேயே அறுவை செய்தது. நோயாளிகள் தரையில் பாய் விரித்துப் படுத்தனர். உள்ளூர்ச் செல்வரும் சங்கங்களும் உணவளித்தனர். பெரிய மண்டபங்களும் அன்னதான மரபும் உடைய செட்டிநாட்டு ஊர்களுக்கு இவ்வமைப்பு அயலானதன்று. கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டிச் சோறிடும் அதே ஏற்பாட்டுத் திறன் இங்கு வேறொரு பணிக்குப் பயன்பட்டது.

1976இல், 58ஆம் வயதில், வெங்கடசாமி ஓய்வு பெற்றார். உடன்பிறந்தோர் வீட்டையும் நகைகளையும் அடகு வைத்துத் திரட்டிய பணத்தில் அதே ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கியது. 1984இல் இலவச நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை எழுந்தது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் எனக் கிளைகள் பரவின.

இங்கு வரலாற்றாய்வுக்கு உரிய வினா, படுக்கைகள் பெருகியதா என்பதைவிட, மருத்துவரின் ஒரு மணிநேரம் எவ்வாறு பயன்பட்டது என்பதாகும். நாட்டில் ஒரு கண் அறுவை நிபுணர் ஆண்டுக்குச் சராசரியாகச் சில நூறு அறுவைகள் செய்த காலத்தில், மதுரையில் ஒருவர் 2,000 அளவில் செய்தார். காரணம் அவரது கைவேகம் மட்டுமன்று. ஒரு மருத்துவருக்கு இரண்டு அறுவை மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போது மற்றதில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். கண் அழுத்தம் பார்த்தல், கண்ணாடி அளவு எடுத்தல், மரப்பு ஊசிக்கு ஆயத்தம், அறுவைத் துணை, நோயாளிக்கு அறிவுரை ஆகிய பணிகளை ஈராண்டுப் பயிற்சி பெற்ற இடைநிலைப் பணியாளர்கள் ஏற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். மருத்துவரால் மட்டுமே செய்யத்தக்கதை மட்டும் மருத்துவர் செய்தார். கொள்திறன் என்பது கட்டடத்தின் அளவைக் காட்டிலும் வேலைப் பகிர்வின் தன்மையைச் சார்ந்தது என்பதை இது காட்டுகிறது. அரசு மருத்துவமனைகளில் காலிப் பணியிடங்களும் பணிமாற்றங்களும் கொள்திறனைக் குறைத்ததன் மறுபக்கம் இது.

விரைவுக்கு விலை உண்டு என்பதையும் வரலாறு காட்டியது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த முகாமொன்றிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு அறுவை செய்யப்பட்டோருள் அறுபதுக்கும் மேற்பட்டோர் தொற்றால் பார்வை இழந்தனர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. உள்விழி வில்லைக்கு நுண்ணோக்கியும் தூய அரங்கும் இன்றியமையாதவை என்பதால், 1990களிலேயே ஊரில் அறுவை செய்யும் முறை கைவிடப்பட்டு, ஊரில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை என்னும் முறை நிலைபெற்றிருந்தது. அரங்கம் மாறினால் மட்டும் போதாது, தூய்மை நெறிகளும் எண்ணிக்கைக்கு ஈடாக வளரவேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

6. செலவு: யார் தந்தது, எதற்குத் தந்தது

அறுவையின் செலவில் பெரும்பகுதி வில்லையின் விலையாக இருந்தது. 1980களின் இறுதியில் இறக்குமதி வில்லை ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. அவ்விலையில் ஏழை நோயாளிக்குச் சோடாபுட்டிக் கண்ணாடியும் பணம் படைத்தவருக்கு வில்லையும் என்ற பாகுபாடு தவிர்க்கவியலாதது. 1992இல் மதுரையில் தொடங்கிய அரோலேப் வில்லையைப் பத்து டாலருக்கும் குறைவான விலையில் உற்பத்தி செய்தது. பின்னர் அது மேலும் குறைந்தது. விலையுயர்ந்த கருவி தேவைப்படாத, தையலற்ற சிறுகீறல் அறுவை முறையும் அடுத்துப் பரவியது. நுட்பம் மேம்படும்போது செலவு கூடும் என்பது மருத்துவத்தில் பொதுவிதி. இங்கு அது எதிர்த்திசையில் இயங்கியது.

நிதி மூன்று வழிகளில் வந்தது. முதலாவது, கட்டணம் செலுத்துவோரிடமிருந்து கிடைத்த உபரி. அது செலுத்த இயலாதோரின் செலவை ஈடுகட்டியது. இரண்டாவது, முகாமுக்கு விளம்பரம், இடம், உணவு ஆகியவற்றைத் தந்த உள்ளூர்ப் புரவலரின் பங்கு. மூன்றாவது, அரசின் மானியம். உலக வங்கிக் கடனுதவியோடு 1994இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் கண்புரைத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. 1 கோடியே 10 இலட்சம் அறுவைகள் அதன் இலக்கு. நடந்தவை ஒன்றரைக் கோடிக்கு மேல். மாவட்டந்தோறும் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்கள் அமைந்தன. தொண்டு மருத்துவமனை செய்யும் ஒவ்வோர் இலவச அறுவைக்கும் அரசு ஒரு தொகையை வழங்கியது. பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது 750 ரூபாய். பின்னர் 1,000 ஆகவும் 2,000 ஆகவும் உயர்ந்தது.

இவ்வேற்பாட்டைத் தனியார் ஈகையின் வெற்றி என்றோ அரசுத் திட்டத்தின் வெற்றி என்றோ தனித்துக் கூறுவது பொருந்தாது. மருத்துவரை உருவாக்கியது அரசுக் கல்லூரி. முகாமை முயன்று பார்த்தது அரசுத் துறை. வேலைமுறையைச் செப்பனிட்டது அறநிறுவனம். எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் தந்தது மீண்டும் அரசு. நாடு முழுவதும் ஆண்டு அறுவைகள் 2003 அளவில் 39 இலட்சத்தை எட்டின.

7. இலவசத்துக்குப் பின்னும் வராதோர்

அறுவை இலவசமானதும் எல்லோரும் வந்துவிடுவர் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மதுரை வட்டாரத்தில் கிரிஜா பிரில்லியன்ட் குழுவினர் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, அறுவைக் கட்டணத்தை மட்டும் நீக்கிய ஊர்களைவிட, பயணம், உணவு ஆகியவற்றின் செலவையும் ஏற்ற ஊர்களில் மிகுதியானோர் அறுவைக்கு இசைந்ததைக் காட்டியது. முன்னரே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகச் சென்று பேசியது விளம்பரத்தைவிடப் பயனளித்தது. 1999இல் வெளியான மற்றோர் ஆய்வு, முகாம் நடந்த ஊர்களிலேயே கண் சிகிச்சை தேவைப்பட்டோருள் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேயே முகாமுக்கு வந்ததைக் கண்டறிந்தது.

வராமைக்கான காரணங்கள் அச்சம், அழைத்துச் செல்ல ஆளின்மை, குடும்பப் பொறுப்பு, ‘இந்த வயதில் எனக்கு எதற்கு’ என்னும் மனநிலை ஆகியன. இக்கடைசிக் காரணத்தை அறியாமை என்று ஒதுக்கலாகாது. குடும்பத்தின் ஒருநாள் கூலியையும் தன் பார்வையையும் எடைபோட்டு முதியவர் எடுக்கும் முடிவு அது. பெண்கள் இம்முடிவை மிகுதியாக எடுத்தனர். வளரும் நாடுகளின் ஆய்வுகள் பலவும் ஆண்களைவிடப் பெண்கள் கண்புரை அறுவை பெறுவது குறைவு என்றே காட்டுகின்றன.

கண்டனூர் போன்ற ஊர்களில் இது இரு வடிவங்களில் அமையும். உழைக்கும் குடும்பங்களில் துணைக்கு வருபவரின் கூலி தடையாகிறது. பிள்ளைகள் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ பெயர்ந்துவிட, பெருவீட்டில் தனித்திருக்கும் ஆச்சிக்குக் கூலி தடையன்று. உடன்செல்ல ஆளில்லாமையே தடை. பணம் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நிற்கும் அரிய நிலை இது. முகாம் முடிந்த அன்றே நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அறுவைக்குப் பின் ஊரிலேயே கொண்டுவந்து விடும் ஏற்பாடு இவ்விரு தடைகளையும் ஒருசேரக் குறைத்தது. துணையாள் தேவையில்லாமற் போனதே இம்முறையின் ஆழமான பயன். பின்னாளில் சிற்றூர்களை ஒட்டி அமைந்த பார்வை மையங்கள், மறுபரிசோதனைக்கான நெடும்பயணத்தையும் குறைத்தன.

8. எழுதப்பட்ட வரிசை: ஓர் ஒப்பீடு

எல்லா நோய்க்கும் இத்தகைய தீர்வு பொருந்தாது. வில்லையைத் தொழிற்சாலையில் பெருக்கலாம். சிறுநீரகத்தைப் பெருக்க இயலாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்பு வணிகத்தைத் தடைசெய்தது. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புப் பெறும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2008இல் அரசாணைகள் வழி ஒழுங்குபடுத்தியது. பதிவு முன்னுரிமை, குருதி வகை, மருத்துவமனைச் சுழற்சி ஆகியவற்றின்படி உறுப்பு பகிரப்படும் பொதுப் பட்டியல் ஒன்று உருவாயிற்று. அப்பட்டியல் நீளமானது, ஆயிரக்கணக்கானோர் அதில் காத்திருக்கின்றனர். ஆயினும் பணமும் செல்வாக்கும் வரிசையை மீறாதிருக்க, வரிசை எழுதப்பட்டிருப்பதே முதல் காப்பு.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் ஒரு தெளிவு பிறக்கிறது. பெருக்கத்தக்க சேவையில் பட்டியல் இல்லாமற்போவதே இலக்கு. பெருக்கவியலாத சேவையில் பட்டியல் நேர்மையாக இருப்பதே இலக்கு. முன்னதைப் பின்னதாகக் கருதி, அறுவை அரங்கையும் பணியாளரையும் பெருக்காமல் ‘காத்திருங்கள்’ என்பது நிர்வாகப் பிழை. பின்னதை முன்னதாகக் கருதிச் சந்தையிடம் விட்டால் ஏழையின் உடல் விற்பனைப் பொருளாகும். சட்டத்துக்கு முந்தைய தமிழகம் அதைக் கண்டது.

9. முடிவுரை

2015–19இல் நடந்த தேசிய ஆய்வு பார்வையிழப்பை 0.36 விழுக்காடாக மதிப்பிட்டது. பார்வையிழப்பின் வரையறை 6/60 என்பதிலிருந்து 3/60 ஆக இறுக்கப்பட்டதால், 1970களின் எண்ணோடு இதை நேருக்குநேர் வைத்தல் சரியன்று. வரையறை மாற்றத்தைக் கழித்தாலும் பெருங்குறைவு நிகழ்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. அதே ஆய்வு, ஐம்பது வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு இன்னும் கண்புரையே காரணம் என்கிறது. எழுதப்படாத வரிசை குறுகியுள்ளது, கலைந்துவிடவில்லை.

கண்டனூரிலிருந்து நோக்கும்போது புலப்படுவன மூன்று. முதலாவது, காத்திருப்பு இயற்கையானதன்று. ‘முற்றட்டும்’ என்ற நுட்பம், வில்லையின் விலை, மருத்துவரின் நேரப் பயன்பாடு, துணையாளின் கூலி ஆகியவற்றால் அது ஆக்கப்பட்டது. அவை மாறியபோது குறைந்தது. இரண்டாவது, இலவசம் என்பது மருத்துவமனையின் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிந்தால் பயனில்லை. நோயாளியின் வாசலிலிருந்து வாசல் வரையிலான செலவே உண்மைச் செலவு. மூன்றாவது, வராதவரை எண்ணும் ஆய்வுதான் சேவையின் உண்மை அளவுகோல்.

இன்று நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பும் கண்ணழுத்த நோயும் கண்புரையின் இடத்தைப் பிடித்துவருகின்றன. இவை ஓர் அறுவையோடு முடிவன அல்ல. வாழ்நாள் முழுவதும் மீண்டும் மீண்டும் பரிசோதனை வேண்டுவன. பார்வை போனபின் மீட்கவும் முடியாது. சிவகங்கையில் மருத்துவக் கல்லூரியும் காரைக்குடியில் தரம் உயர்ந்த அரசு மருத்துவமனையும் வந்துவிட்ட நிலையில் தொலைவு குறைந்துள்ளது. மருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021இல் தொடங்கிய அரசு, நீரிழிவு நோயாளியின் வாசல்வரை செல்லும் வழியை ஏற்கெனவே பெற்றுள்ளது. அவ்வழியே செல்லும் பணியாளர் விழித்திரைப் பரிசோதனைக்கு உரியோரையும் பதிவுசெய்தால், கண்புரையில் நாற்பதாண்டு கழித்து எழுதப்பட்ட வரிசை இம்முறை தொடக்கத்திலேயே எழுதப்படும்.